குழந்தையின் இதயத்தில் சிறிய ஓட்டை: முதல் சந்தேகத்திலிருந்து முறையான கண்காணிப்பு வரை

எங்கள் மகளுக்கு ஆறு வாரம் ஆகியிருந்தபோது தடுப்பூசி போடுவதற்காக அழைத்துப் போயிருந்தோம். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்ட மருத்துவர் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு, "ஒரு சத்தம் கேட்கிறது, எக்கோ எடுத்துப் பார்த்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிந்தைய நான்கு மாதங்களில் நாங்கள் மூன்று முறை எக்கோ (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தோம். அவற்றில் ஒன்று முழுக்க வீண். மற்றொன்று அதற்குரிய காலத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது. பொருத்தமில்லாத இடத்தில் பரிசோதனை செய்தது, பழைய அறிக்கையை வீட்டிலேயே விட்டுச் சென்றது, மில்லிமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து அழுதது என நாங்கள் செய்யாத பிழை குறைவு. இப்போதுதான் அந்த ஒற்றை வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கும் பெற்றோருக்காக, எதை எந்த வரிசையில் செய்தால் அலைச்சலும் செலவும் குறையும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இது சிறிய, பிறவியிலேயே வரும் குறைகளைப் பற்றியது மட்டுமே: இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை (வி.எஸ்.டி.), மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை (ஏ.எஸ்.டி.), பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய இரத்தக்குழாய் மூடாமலிருப்பது (பி.டி.ஏ.), நுரையீரல் தமனி வால்வின் லேசான சுருக்கம் ஆகியவை. குழந்தையின் உடல் நீலம் பாய்கிற வகைகளுக்கும் பெரிய ஓட்டைகளுக்கும் இந்த வழிகாட்டல் பொருந்தாது. நான் மருத்துவர் அல்லன். ஒரு குழந்தையின் தகப்பன். சிகிச்சை முடிவுகளை உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்த மருத்துவரே எடுக்க வேண்டும்.

1. முதலில் இது அவசரமா என்று பாருங்கள்

சத்தம் கேட்டது என்பதற்காக அன்றிரவே ஓட வேண்டியதில்லை. ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. உதடும் நாக்கும் நீலமாவது, பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்வை துளிர்ப்பது, இரண்டு வாய் குடித்ததும் மூச்சு வாங்கி நிறுத்திவிடுவது, ஒரு முறை பால் குடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது, எடை ஏறாமலிருப்பது, சளி நெஞ்சுக்கு இறங்குவது திரும்பத் திரும்ப நிகழ்வது ஆகியவையே அவை. உள்ளங்கையும் பாதமும் மட்டும் குளிரில் சற்று நீலமாகத் தெரிவது பச்சிளங்குழந்தைகளிடம் சாதாரணம். பார்க்க வேண்டியது நாக்கை.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அமைதியாகத் தூங்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறான கணக்கே கிடைக்கும், ஏனெனில் பிஞ்சுக் குழந்தைகளின் மூச்சு விட்டுவிட்டு ஓடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலே அது வேகமான மூச்சு. முதல் மூன்று மாதங்களில் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் வரை எடை கூட வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரே தராசில், ஆடையின்றி எடை பார்த்துத் தேதியுடன் குறித்து வையுங்கள். பின்னால் மருத்துவர் கேட்கிற முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைச் சரியான இடத்தைத் தேடுவதற்குச் செலவிடுங்கள்.

2. சத்தத்தின் அளவை வைத்து நோயின் அளவை எடை போடாதீர்கள்

மருத்துவர்கள் 'மர்மர்' என்று சொல்கிற இந்தச் சத்தம், இதயம் முழுக்கச் சரியாக உள்ள குழந்தைகளிடமும் மிகப் பரவலாகக் கேட்கும். காய்ச்சலின்போதும் இரத்தசோகையின்போதும் அது கூடுதலாகக் கேட்கும். அத்தகைய குற்றமற்ற சத்தத்துக்குச் சிகிச்சையும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. அனுபவமுள்ள குழந்தை இதய மருத்துவர் பெரும்பாலும் காதால் கேட்டே அதைப் பிரித்தறிந்துவிடுவார்.

கீழறைச் சுவரில் உண்மையிலேயே ஓட்டை இருந்தால், நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது: ஓட்டை சிறிதாக இருந்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் நீர் சீறிக்கொண்டு வருவதைப் போல, குறுகிய வழியே அழுத்தத்துடன் பாயும் இரத்தம்தான் உரக்க ஒலிக்கிறது. "சத்தம் ரொம்ப பலமாக இருக்கிறது" என்று முதலில் சொல்லப்பட்டபோது நாங்கள் உடைந்துபோனோம். உண்மையில் அது நல்ல செய்திக்கு நெருக்கமான செய்தி.

"பிறந்தபோது பார்த்தார்களே, அப்போது ஏன் சொல்லவில்லை?" என்று உறவினர்கள் கேட்பார்கள். பிறந்த சில நாட்களுக்கு நுரையீரலின் இரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருப்பதால், இதயத்தின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. ஓட்டை வழியே பாய்ச்சலும் குறைவு, சத்தமும் குறைவு. அந்த அழுத்தம் வாரங்கள் செல்லச் செல்ல இறங்கும்போதுதான் சத்தம் வெளிப்படுகிறது. பிறந்தவுடன் கையிலும் காலிலும் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் பரிசோதனையும் இந்தச் சிறிய ஓட்டைகளைக் காட்டாது, ஏனெனில் இவற்றால் ஆக்ஸிஜன் குறைவதில்லை. ஆகவே பிரசவம் பார்த்தவர்களுடன் சண்டைக்குப் போக வேண்டாம். நான் போனேன், பயனில்லை.

3. யாரிடம் போவது, எப்போது போவது

இங்கேதான் எங்கள் முதல் பணமும் முதல் வாரமும் வீணாயின. வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு ஸ்கேன் மையத்தில், பெரியவர்களுக்கு எக்கோ எடுத்துப் பழகியவரிடம், அழுது துடித்த குழந்தைக்குப் பத்து நிமிடத்தில் எடுத்து முடித்தோம். அறிக்கையில் "சிறிய ஓட்டை இருக்கக்கூடும்" என்ற ஒரே வரிதான் இருந்தது. அதைக் கையில் வாங்கிய குழந்தை இதய மருத்துவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபடியும் எடுக்கச் சொன்னார்.

குழந்தைக்கான எக்கோவில் சிறிய ஆய்வுக்கருவி வேண்டும். எல்லாக் கோணங்களிலும் வரிசையாகப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அளவுகளைக் குழந்தையின் உடல் பரப்புக்கு ஏற்ப ஒப்பிட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். எனவே நேரம் குறிக்கும்போதே மூன்று கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: எக்கோ எடுப்பவர் குழந்தை இதயப் பிரிவில் பயிற்சி பெற்றவரா, எடுத்த அன்றே மருத்துவர் பார்த்து விளக்குவாரா, வீடியோப் பதிவைக் குறுந்தகட்டிலோ கோப்பாகவோ கொடுப்பார்களா. மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று பதில் வருகிற இடத்தையே தேர்ந்தெடுங்கள், சற்றுத் தொலைவாக இருந்தாலும் பரவாயில்லை.

குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை ஏறிக்கொண்டிருந்தால், ஓரிரு வாரம் காத்திருந்து தகுந்த மருத்துவரைப் பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை. எனினும் பிறந்த சில நாட்களிலேயே எடுத்த எக்கோவில் "சிறியது" என்று எழுதியிருந்தால், ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்ப்பது அவசியம். நுரையீரல் அழுத்தம் இறங்கிய பிறகே அந்த ஓட்டையின் உண்மையான விளைவு தெரியும்.

4. போவதற்கு முன் கோப்பைத் தயார் செய்யுங்கள்

ஒரே ஒரு கோப்பு போதும், ஆனால் அது எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அறிக்கை (எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறப்பு எடை என்ன என்பவை அதில் இருக்கும்), கர்ப்ப காலத்து ஸ்கேன் அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, எடைக் குறிப்பு, முன்பு எடுத்த எக்கோ, ஈ.சி.ஜி. ஆகியவற்றின் அசல்கள், பரிந்துரைக் கடிதம், காப்பீடு இருந்தால் அதன் முன் அனுமதிக் கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது; ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாவது என்றால் சில ஆண்டுகளில் வெளிறிப்போகும், அதை நகல் எடுத்தே தீர வேண்டும்.

இவற்றோடு ஒரு பக்கக் குறிப்பும் எழுதி வையுங்கள். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்ததா, கர்ப்பத்தின் தொடக்கத்தில் என்னென்ன மருந்துகள் எடுத்தார், தாய் தந்தை இருவர் வழியிலும் பிறவி இதயக் குறை யாருக்காவது உண்டா, இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருக்கிறதா, குழந்தைக்கு வேறு உறுப்பில் ஏதேனும் வேறுபாடு சொல்லப்பட்டிருக்கிறதா ஆகியவற்றை அங்கே கேட்பார்கள். கடைசிக் கேள்வி ஏன் என்றால், டவுன் சிண்ட்ரோம் போன்ற சில மரபணு நிலைகளுடன் இதயக் குறைகள் சேர்ந்தே வருவதுண்டு. அறையில் உட்கார்ந்து கேட்கும்போது இவற்றில் பாதி மறந்துபோகும்.

5. எக்கோ எடுக்கும் நாள்

எக்கோ என்பது ஒலி அலையால் எடுக்கும் ஸ்கேன். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. தேவையானது ஒன்றே: குழந்தை இருபது முதல் நாற்பது நிமிடம் வரை அசையாமல் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, பசியோடு அழைத்துப் போய், அறைக்குள் நுழையும் நேரத்தில் பால் கொடுத்துத் தூங்க வைப்பதுதான் எங்களுக்குப் பலித்த வழி. மார்பு திறந்திருக்கும் என்பதால் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போடுங்கள். மார்பில் தடவும் ஜெல்லின் குளிர்ச்சியில் குழந்தை விழித்துக்கொள்ளும், அதை முன்கூட்டிச் சூடாக்கித் தரும்படி கேட்கலாம்.

ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைதான் கடினமான காலம். அந்த வயதில் தூக்க மருந்து கொடுத்து எடுக்க நேரிடலாம். அப்படியானால் எத்தனை மணி நேரத்துக்கு முன்பிலிருந்து பால், உணவு தரக் கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள்; குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் முன்பே சொல்லுங்கள், பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். தூக்க மருந்துக்கும் அதற்குப் பிந்தைய கண்காணிப்புக்கும் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று நேரம் குறிக்கும்போதே கேட்பது நல்லது. எங்களிடம் சொல்லாமல் விட்ட செலவு அதுதான்.

ஈ.சி.ஜி. எளிய, மலிவான பரிசோதனை. அதையும் சேர்த்தே எடுப்பார்கள். மார்பு எக்ஸ்ரே எல்லாருக்கும் தேவைப்படாது. சிறிய ஓட்டைக்குச் சி.டி., எம்.ஆர்.ஐ., கதீட்டர் பரிசோதனை (இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்திப் பார்ப்பது) ஆகியவை அரிதாகவே வேண்டியிருக்கும். யாராவது எழுதிக் கொடுத்தால், எக்கோவில் தெரியாத எதை அதில் தேடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

6. அறிக்கையில் எந்த வரியை வாசிக்க வேண்டும்

எல்லாரும் முதலில் தேடுவது மில்லிமீட்டர் கணக்கை. எங்கள் மகளின் இரண்டாவது அறிக்கையில் 4 மி.மீ., மூன்றாவதில் 4.5 மி.மீ. என்று இருந்தது, ஓட்டை பெரிதாகிவிட்டது என்று ஓர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் மருத்துவர் சொன்னது இதுதான்: துடித்துக்கொண்டிருக்கும் ஓர் உறுப்பில், இருவேறு கோணங்களில், இருவேறு கைகள் அளந்தால் அரை மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பு, அதோடு குழந்தையும் வளர்ந்திருக்கிறது. 4 மி.மீ. ஓட்டை நான்கு கிலோ குழந்தையின் இதயத்தில் ஒரு பொருள், பதினைந்து கிலோ குழந்தையின் இதயத்தில் வேறு பொருள்.

ஆகவே அந்த எண்ணை விட்டுவிட்டு, முதலில் ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்ற வரியைத் தேடுங்கள். கீழறைச் சுவரில் என்றால், சதைப்பகுதியிலா (மஸ்குலர்), வால்வுகளுக்கு அருகிலுள்ள சவ்வுப்பகுதியிலா (பெரிமெம்பிரனஸ்), இரத்தம் வெளியேறும் வாயிலுக்கு அடியிலா என்று எழுதியிருக்க வேண்டும். மேலறைச் சுவரில் என்றால் நடுப்பகுதியிலா (செகண்டம்), அதற்குக் கீழே வால்வுகளை ஒட்டியா (பிரைமம்), பெரிய சிரைகள் வந்து சேரும் இடத்திலா (சைனஸ் வீனோசஸ்) என்று இருக்க வேண்டும். தானாக மூடுமா, மூடாதா என்பதை அளவைப் போலவே இடமும் தீர்மானிக்கிறது. இடம் எழுதப்படாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

அடுத்தது, இதய அறைகள் பெரிதாகியிருக்கின்றனவா என்பது. கீழறை ஓட்டையிலும் மூடாத குழாயிலும் கூடுதல் இரத்தம் நுரையீரலைச் சுற்றி இடப்பக்கத்துக்கே திரும்பி வருவதால் இடப்பக்க அறைகள் விரியும். மேலறை ஓட்டையில் வலப்பக்க அறைகள் விரியும். "அறைகள் இயல்பான அளவில் உள்ளன" என்ற வரி இருந்தால், அந்த ஓட்டை இதயத்துக்குப் பெரிய சுமை எதையும் தரவில்லை என்று பொருள். என்னைக் கேட்டால் முழு அறிக்கையிலும் தேடி அடிக்கோடிட வேண்டிய வரி இதுவே. இதை 'இசட் ஸ்கோர்' என்ற எண்ணாகவும் தருவார்கள். சராசரியிலிருந்து குழந்தையின் அளவு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அது காட்டும், -2க்கும் +2க்கும் இடைப்பட்டால் இயல்பு.

கீழறை ஓட்டைக்கு இன்னொரு எண் இருக்கும்: ஓட்டையின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு. இங்கே எண் பெரிதாக இருப்பதே நல்லது. இரத்தம் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 64 மி.மீ. பாதரசம், இடப்பக்கத்தின் உயர் அழுத்தம் வலப்பக்கத்துக்கும் நுரையீரலுக்கும் கடத்தப்படவில்லை என்பதற்கு அது சான்று. இதைத் தெரியாமல், "64 என்று போட்டிருக்கிறதே" என்று பயந்தவர்களைக் காத்திருப்பு அறையில் பார்த்திருக்கிறேன். ஆனால் நுரையீரல் தமனி வால்வுச் சுருக்கத்தில் இதே எண் தலைகீழ்: அங்கே வேறுபாடு குறைவாக இருப்பதுதான் நல்லது. எந்தக் குறைக்கு எந்த எண் என்று பார்க்காமல் இணையத்தில் தேடினால் குழப்பமே மிஞ்சும்.

கடைசியாக, நுரையீரல் தமனி அழுத்தம் இயல்பானதா, பெருந்தமனி வால்வில் கசிவு உண்டா, பெருந்தமனி வளைவில் குறுக்கம் உண்டா என்ற வரிகள். இவை "இல்லை" என்றாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால், பார்த்தார்களா, பார்க்கவே இல்லையா என்று கேட்டுத் திருத்தி வாங்குங்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அன்றைய எடை, உயரம் ஆகியவற்றையும் அங்கேயே சரிபாருங்கள். எடை தவறாக இருந்தால் இசட் ஸ்கோரும் தவறு.

7. வகைக்கு ஏற்ப எதிர்காலம்

சதைப்பகுதியிலுள்ள சிறிய கீழறை ஓட்டைகளில் பெரும்பாலானவை தாமாகவே மூடிக்கொள்கின்றன, அதுவும் முதல் ஓரிரு ஆண்டுகளில். சுற்றியுள்ள தசை வளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. சவ்வுப்பகுதி ஓட்டைகளும் சிறுத்து மூடுவதுண்டு, ஆனால் குறைந்த விகிதத்தில், மெதுவாக. பக்கத்து வால்வின் திசு ஒட்டிக்கொண்டு ஒரு சிறு பைபோல அதை மறைப்பதுண்டு. மூடாமல் நின்றுவிட்டாலும், ஓட்டை சிறிதாகவும் அறைகள் இயல்பாகவும் இருந்தால், அந்தக் குழந்தை அறுவை சிகிச்சை இல்லாமலே வளர்ந்து, படித்து, விளையாடி வாழ முடியும். எங்கள் மகள் இந்த வகைதான். இப்போது அவளுக்கு ஐந்து வயது, ஓட்டை பாதிக்கு மேல் அடைபட்டிருக்கிறது, மீதி அப்படியே இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வெளியேறும் வாயிலுக்கு நேர் அடியிலுள்ள ஓட்டை தானாக மூடுவது மிக அரிது. அது சிறிதாக இருந்தாலும், மேலிருக்கும் பெருந்தமனி வால்வின் இதழ் அதற்குள் மெல்ல இழுபட்டு, வால்வு கசியத் தொடங்கலாம். சவ்வுப்பகுதி ஓட்டையிலும் இது சில வேளை நிகழும். குழந்தைக்கு எந்த அறிகுறியும் இராது, எக்கோவில் மட்டுமே தெரியும். "சின்ன ஓட்டைதானே, நன்றாகத்தானே ஓடுகிறாள்" என்று பரிசோதனைகளை நிறுத்திவிடுவதுதான் இந்த வழியில் உள்ள மிகப் பெரிய பொறி.

மேலறைச் சுவரின் நடுப்பகுதி ஓட்டை குழந்தைப் பருவத்தில் 3 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் ஏறத்தாழ எல்லாமே மூடிவிடும், 8 மி.மீ.க்கு மேல் இருந்தால் தானாக மூடுவது அரிது. இடைப்பட்டவற்றுக்குக் காலம்தான் பதில். மூடாமல், வலப்பக்க அறைகளும் விரிந்திருந்தால், பொதுவாக மூன்று முதல் ஐந்து வயதுக்குள், தொடை இரத்தக்குழாய் வழியாக ஒரு மூடிச் சாதனத்தைக் கொண்டுபோய் அடைத்துவிடுகிறார்கள். மற்ற இரண்டு இடங்களிலுள்ள மேலறை ஓட்டைகள் தாமாக மூடுவதில்லை. அவற்றுக்கு அறுவை சிகிச்சைதான். பிறந்த சில வாரங்களில் எடுத்த எக்கோவில் 'பி.எஃப்.ஓ.' என்று இருந்தால் கலங்காதீர்கள்: கருவிலிருக்கும்போது எல்லாருக்கும் இருந்த திறப்பு அது, பெரியவர்களிலும் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது மூடாமலே இருக்கிறது.

பி.டி.ஏ. என்று முன்பு சொன்ன அந்த இரத்தக்குழாய், நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த இரண்டு மூன்று நாட்களிலேயே சுருங்கி மூட வேண்டும். சில மாதங்கள் கழிந்தும் திறந்திருந்தால் இனி மூடும் என்று காத்திருப்பதில் பொருள் குறைவு. குறைமாதக் குழந்தைகளின் கணக்கு வேறு, அவர்களுக்குப் பிந்தியும் மூடும். சத்தம் கேட்கும் அளவுள்ள குழாயைப் பெரும்பாலும் கதீட்டர் வழியாக அடைத்துவிடப் பரிந்துரைப்பார்கள். சத்தமே கேட்காத, எக்கோவில் மட்டும் நூலிழையாகத் தெரியும் குழாயைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இங்கே மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, இரண்டாவது கருத்தைக் கேட்பதில் தவறில்லை.

நுரையீரல் தமனி வால்வின் லேசான சுருக்கம், அதாவது அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே உள்ளது, பெரும்பாலும் பிற்காலத்தில் கூடுவதில்லை. முதல் ஆண்டில் மட்டும் கூட வாய்ப்புண்டு என்பதால் அப்போது அடிக்கடி பார்ப்பார்கள்.

8. அறையை விட்டு வெளியே வருமுன் எழுதி வாங்க வேண்டியவை

ஆலோசனை முடியும் நேரத்தில் மனம் ஓய்ந்திருக்கும், மருத்துவருக்கும் அடுத்த குழந்தை காத்திருக்கும். ஆகவே கேள்விகளைத் தாளில் எழுதிப் போங்கள். குறையின் முழுப் பெயர் என்ன, அடுத்த எக்கோ எந்த மாதம், அதற்கு முன் எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், மருந்து உண்டா, உண்டென்றால் எதற்காக, எவ்வளவு காலம், தடுப்பூசி எதையாவது தள்ளிவைக்க வேண்டுமா, பல் மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்? பதில்களை அவர் கைப்பட எழுதித் தந்தால் நல்லது. இல்லையேல் நீங்களே எழுதி அவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறிய ஓட்டைக்கு மருந்து பொதுவாகத் தேவைப்படாது. ஓட்டையை மூடவைக்கும் மருந்தோ சத்துணவோ எதுவும் கிடையாது. அப்படி விற்கப்படுபவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

9. மறுபரிசோதனையின் கால இடைவெளி

குறைக்கும் வயதுக்கும் ஏற்ப இது மாறும். முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும், நிலை மாறாமலிருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் என்று இடைவெளி நீண்டுகொண்டே போவதுதான் வழக்கம். நடுவில் பதற்றம் தாளாமல் நீங்களாகவே வேறிடத்தில் எடுத்துப் பார்க்காதீர்கள். எங்கள் மூன்றாவது எக்கோ அப்படித்தான் எடுக்கப்பட்டது. குறித்த தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாக எடுத்து, அரை மில்லிமீட்டர் வேறுபாட்டையும் ஓர் இரவுத் தூக்கமின்மையையும் தவிர வேறொன்றையும் பெறவில்லை. முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே குழுவிடம் எடுத்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். ஊர் மாற நேர்ந்தால் பழைய வீடியோப் பதிவையும் கொண்டுபோங்கள்.

10. வீட்டில் மாற்ற வேண்டியவை, மாற்ற வேண்டாதவை

மாற்ற வேண்டாதவையே அதிகம். எல்லாத் தடுப்பூசிகளையும் உரிய நாளில் போடலாம், போட வேண்டும். அழவிடக் கூடாது, ஓடவிடக் கூடாது என்ற அறிவுரைகளுக்குச் சிறிய ஓட்டையில் இடமில்லை. அறைகளும் அழுத்தமும் இயல்பாக இருந்தால் விளையாட்டுக்கும் தடையில்லை.

கவனிக்க வேண்டியது வாயை. பல் ஈறிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி, பாய்ச்சல் வேகமாக உள்ள இடத்தில் ஒட்டி, இதய உட்சவ்வில் தொற்றை உண்டாக்கலாம்; கீழறை ஓட்டையில் இது அரிது என்றாலும் உண்மையான ஆபத்து. முதல் பல் முளைத்த நாளிலிருந்து துலக்குவதும், சொத்தையை உடனே கவனிப்பதும்தான் தடுப்பு. பல் சிகிச்சைக்கு முன் ஆண்டிபயாட்டிக் கொடுக்கும் பழைய வழக்கம் சிறிய ஓட்டைகளுக்கு இப்போது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை; அமெரிக்க இதயச் சங்கம் 2007இல் தன் வழிகாட்டலை அவ்வாறு மாற்றியது. மூடிச் சாதனம் பொருத்திய பிறகு முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் அது தேவை. காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஆண்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன், இதயத்தில் ஓட்டை இருப்பதைச் சொல்லி இரத்தக் கிருமிப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மருந்தை முதலில் கொடுத்துவிட்டால் கிருமி பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம்.

11. பள்ளி, காப்பீடு, அடுத்த குழந்தை

பள்ளியில் சேர்க்கும்போது மருத்துவரிடம் ஒரு வரிச் சான்று வாங்கிக் கொடுங்கள்: குறையின் பெயர், விளையாட்டில் கட்டுப்பாடு இல்லை என்ற குறிப்பு, அவ்வளவே. அது இல்லாவிட்டால் "இதயத்தில் ஓட்டை" என்ற சொல்லைக் கேட்டே பிள்ளையை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள்.

காப்பீட்டு விண்ணப்பத்தில் குறையை மறைக்காதீர்கள். பின்னால் வேறு எதற்காகக் கேட்டாலும் அதையே காரணம் காட்டி மறுக்க வழி பிறக்கும். பிறவிக் குறைக்கு ஏற்பு உண்டா, காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் பெறுங்கள். "சிறியது, சிகிச்சை தேவையில்லை" என்று எழுதிய சமீபத்திய அறிக்கையை இணைத்தால் பரிசீலனை எளிதாகும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா என்ற கேள்வி இயல்பானது. பொதுவாகப் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால் அது நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து என்ற அளவுக்கு உயர்கிறது. கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரங்களுக்குள் கருவின் இதயத்துக்கெனத் தனியாக எக்கோ எடுக்கலாம். முந்தைய குழந்தையின் அறிக்கையைக் காட்டி, முதல் மாதங்களிலேயே அதற்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மிகச் சிறிய ஓட்டைகள் அதிலும் தப்பிவிடும்.

12. மூடிவிட்டது என்று சொன்ன பிறகு

அந்த நாளில் கோப்பைத் தூக்கி எறியத் தோன்றும். கண்காணிப்பு முடிந்தது என்பதையும், வால்வு எதுவும் கசியவில்லை என்பதையும் எழுதிய இறுதிக் கடிதத்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, முதல் அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். வேலைக்கான உடல் தகுதிச் சோதனையிலோ, கர்ப்ப காலத்திலோ, எங்கோ ஒரு மருத்துவர் சத்தத்தைக் கேட்டுச் சந்தேகப்படும்போது, அந்த இரண்டு தாள்களும் ஒரு முழுச் சுற்றுப் பரிசோதனையைத் தவிர்த்துவிடக்கூடும். மூடாமல் நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு, பதினைந்து பதினாறு வயதில் கோப்பை அவர்கள் கையிலேயே கொடுத்து, குறையின் பெயரையும் அடுத்த பரிசோதனைத் தேதியையும் சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, பிறவி இதயக் குறைகளைப் பெரியவர்களிடம் பார்க்கும் மருத்துவர் யார் என்று குழந்தை மருத்துவரிடமே கேட்டு, பரிந்துரைக் கடிதத்துடன் மாற்றிக்கொள்ள வேண்டும்.